பாட்டி சொன்னதும் நான் எழுதியதும்

முதுகலை ஆய்வேட்டுக்காகப் பீர்மேட்டுத் தோட்டத் தமிழை 2019இல் ஒலிப்பதிவு செய்தேன். கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் முந்தைய ஆண்டின் பெருமழையைப் பற்றி நெடுநேரம் பேசினார். "ஊத்துத் தண்ணி கலங்கி வந்துச்சு. மண்ணு தண்ணியக் குடிச்சு ஊதிப்போச்சு." நான் குறித்துக்கொண்டவை வினைமுற்று விகுதிகள் மட்டுமே.

2021 அக்டோபர் 16 அன்று எங்கள் தாலுகாவின் கொக்கையாற்றிலும் அதையடுத்த கூட்டிக்கல்லிலும் மலை சரிந்து உயிர்கள் போயின. கல்குவாரிகளைப் பற்றிய பேச்சும் உடன் எழுந்தது. அன்றிரவுதான் அப்பதிவைப் பொருளுக்காகக் கேட்டேன்.

பின்னர் ஒருமுறை நிலவியல் மாணவர் குழுவொன்றுக்கு மொழிபெயர்ப்பாளராகக் குவாரிக்குச் சென்றேன். மலையாளத்தில் அது 'பாறமட'. நம்மவர் வாயில் 'பாறமடை'. மடை என்றால் நமக்கு நீர் திறக்கும் வாய். பிழையென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பேராசிரியர் கல்லைத் தட்டி 'சார்னோக்கைட்' என்றார். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. கல் என்னவோ நம் பல்லாவரத்துப் பக்கத்தது! அடுத்து வந்தது மண்ணுக்குள் ஏறும் நீரின் அழுத்தம். 'நுண்துளை நீரழுத்தம்' என்று பெயர்த்தேன். துளைபோடும் தொழிலாளர்கள் மரியாதைக்குத் தலையசைத்தனர். பாட்டியின் வாக்கியத்தை அப்படியே சொன்னேன். உடனே ஒருவர் மேல்விளிம்பைக் காட்டி, அங்கே சில நாளாகப் புதிதாகக் கலங்கல் நீர் கசிவதாகச் சொன்னார். பேராசிரியர் மாணவர்களை முகப்பிலிருந்து விலகி நிற்கச் சொன்னார்.

நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் நிலச்சரிவு முன்னெச்சரிக்கைக்காக நடந்த 'லேண்ட்ஸ்லிப்' திட்டத்தில் பிரித்தானிய, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனங்களோடு லண்டன் கிங்ஸ் கல்லூரி, நியூகாசில், அமிர்தா பல்கலைக்கழகங்கள் கைகோத்தன. சுரங்கத் தொழிலின் கல்விக்கும் இத்தகைய கூட்டு தேவை. அதில் மொழியியல் துறைக்கும் ஓர் இருக்கை வேண்டும். புதிய சுரங்கத் தொழிலாளிக்குப் பயிற்சி கட்டாயம் என்கின்றன 1966ஆம் ஆண்டின் விதிகள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை. இங்கே அது மலையாளம். லயத்தில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் படித்தவருக்கு அது எவ்வளவு எட்டும்?

இப்போது என் பழைய பதிவுகளை நிலவியல் தோழி ஒருத்தியுடன் மீண்டும் எழுத்தாக்குகிறேன். அந்தப் பதிவின் இறுதியில் பாட்டி கேட்கிறார்: "எல்லாம் எழுதிக்கிட்டியா கண்ணு?"

"எழுதிட்டேன் பாட்டி" என்கிறது என் குரல்.