எடைமேடையும் ஐ.ஆர்.க்யூ. நாலும்

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் யூ.எஸ்.பி.யில் செருகிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பழைய கணினியில் ஒரு கார்டு போடணும்னா முதலில் எந்த ஐ.ஆர்.க்யூ. காலியாக இருக்கு என்று கணக்குப் பார்க்கணும் மக்களே. "அதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்" என்று சொல்லாதீர்கள். போன தை மாசம் எங்க செஞ்சியில் அது ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் பண்ணியது.

எங்க பெரியப்பா எடைமேடை வைத்திருக்கிறார். நெல் வண்டி மேடையில் ஏறினால், எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் ஒயர் வழியாக எண் கணினிக்குப் போகும், பில் அடிக்கும். கணினி பழைய பென்டியம், விண்டோஸ் 98. மூட்டை போடும் சின்னத் தராசையும் சேர்க்கணும் என்று ஒரு கடையில் கேட்டார். அவர்கள் ஒரு ஐ.எஸ்.ஏ. சீரியல் கார்டைப் போட்டு, காம் 3 என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து தலைவலி. சின்னத் தராசு ஓடும்போது பெரிய மேடையின் எண் திரையில் அப்படியே நின்றுவிடும். அதுவும் முந்தைய வண்டியின் எடை! பெட்டியில் ஒன்று, பில்லில் ஒன்று. ஒரு விவசாயி அதைப் பார்த்துக் கேட்டுவிட்டார். "இருபது வருஷமா இந்த மேடையில எவனும் இப்படிக் கேட்டதில்லடா" என்றார் பெரியப்பா. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இன்டரப்ட் என்பது கார்டு பிராசசரைக் கூப்பிடும் மணி. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் எட்டு மணிக்கயிறுதான். 1984-ல் வந்த ஏ.டி.யில் இன்னொரு சிப்பைச் சேர்த்தார்கள். அதை மாட்டவே ஒரு கயிறு போய்விட்டதால் மிச்சம் பதினைந்து. அதிலும் டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃபிளாப்பிக்கு 6, ஹார்ட் டிஸ்க்குக்கு 14 என்று ஏற்கெனவே பட்டா போட்டாச்சு. காம் 1-க்கும் காம் 3-க்கும் வழக்கமாக ஒரே 4. காம் 2-க்கும் காம் 4-க்கும் 3. ஐ.எஸ்.ஏ.யில் ஒரே கயிற்றை இரண்டு பேர் பிடிக்கக் கூடாது. ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கும்போது மற்றவர் இழுத்தால் மணி அடிக்காது. பின்னால் வந்த பி.சி.ஐ.யில்தான் பங்கு போட்டுக்கொள்ளும் வசதி வந்தது.

டிவைஸ் மேனேஜரில் 'கம்ப்யூட்டர்' மேல் வைத்து பிராபர்ட்டீஸ் போனால் ஐ.ஆர்.க்யூ. பட்டியல் முழுக்க வரும். நோட்டில் எழுதினேன். 3-ல் சீரியல் மவுஸ், 4-ல் எடைமேடை, 7-ல் பிரின்டர். 10, 11 இரண்டும் சும்மா கிடக்குதே என்று தோன்றும். ஆனால் இந்தக் கார்டு எட்டு பிட் கார்டு. நீளமான ஸ்லாட்டின் பின்பாதியில்தான் அந்தக் கயிறுகள் இருக்கு, இந்தக் குட்டைக் கார்டுக்கு எட்டவே எட்டாது. ராஜகிரி உச்சிக்குப் போகும் அந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டை கண்ணெதிரே இருந்தும் போக முடியாதே, அந்த மாதிரி :-)

மிச்சம் 5. அதில் யார் என்று பார்த்தால் சவுண்ட் கார்டு! எடைமேடைக்கு எதற்குய்யா சவுண்ட் கார்டு? அண்ணன் பாட்டு கேட்பதற்காகப் போட்டதாம்.

அதைக் கழற்றினேன். சீரியல் கார்டில் ஜம்பரை 4-லிருந்து 5-க்கு மாற்றினேன். இதோடு முடியவில்லை. ஜம்பர் கார்டு தன் நம்பரைத் தானே விண்டோஸுக்குச் சொல்லாது. டிவைஸ் மேனேஜரில் 'ஆட்டோமேட்டிக்' டிக்கை எடுத்துவிட்டு நாமே 5 என்று போடணும். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால் சின்னத் தராசு ஊமையாகத்தான் இருக்கும்.

மறுநாள் இரண்டு தராசையும் ஒரே நேரத்தில் ஓட்டி, பெட்டியையும் பில்லையும் பத்து வண்டிக்கு ஒப்பிட்டோம். ஒரு கிலோகூட மாறவில்லை. பெரியப்பா அந்த விவசாயிக்குப் போன் போட்டு, பெட்டியில் இருந்த எடைப்படியே புது பில் தருவதாகச் சொன்னார்.

பட்டியலை ஒரு தாளில் எழுதி கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அண்ணன்தான் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.