வீங்கின பற்றரியும் எங்கட அறையும்

கம்பஸில் குறும்படம் எடுக்கிற எங்களுக்கு ட்ரோன் பற்றரிதான் பெரிய செலவு. ஆனபடியால் வீங்கினதையும் 'இன்னொருக்கா பாவிப்பம்' எண்டு மனம் சொல்லும். அந்த இடத்தில்தான் நாங்கள் நிற்கவேண்டும். உள்ளே வாயு சேர்ந்துதான் லிப்போ வீங்குகிறது. அதைக் குத்தினாலோ திரும்பச் சார்ஜ் போட்டாலோ தீப்பிடிக்கலாம்.

ஒரு செல்லுக்கு 4.2 வோல்ற்தான் எல்லை. பறக்கவிடாத நாட்களில் 3.8 வோல்ற் அளவில், வெயில் படாத இடத்தில் வைக்கிறோம். சார்ஜ் போடுவது மெத்தையில் இல்லை, சீமெந்துத் தரையில், லிப்போவுக்கான சார்ஜரில், யாராவது முழிச்சிருக்கேக்க மட்டும். பறந்து வந்த சூட்டோடு போடுறதில்லை.

ஆறு பேர் படுக்கிற அறை. படத்தில் ஒரு ஷொட் குறைஞ்சால் சமாளிக்கலாம். இரவில் தீப்பிடிச்சால் ஓடுறதுக்கு ஒரு கதவுதான் இருக்கு.