கண்மாய்க்கரையில் உட்கார்ந்து படிக்க நாலு புத்தகம்

லீவுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம், நாங்க என்ன படிக்கலாம்னு பட்டணத்துச் சொந்தங்க கேட்கிறதுண்டு. விதை வாங்குற மாதிரிதான் நான் புத்தகமும் வாங்குவேன். நம்ம மண்ணுக்கு ஒத்து வருமான்னு பார்ப்பேன். அப்படித் தேறினது இதெல்லாம்.

பெரியவங்களுக்கு முதல்ல சோ. தர்மனின் 'சூல்'. 2019இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். கோவில்பட்டிப் பக்கம் உருளைக்குடியும் அதன் கண்மாயும்தான் கதை. கண்மாயை ஊரே காத்து வந்த காலமும், அது ஊர் கையைவிட்டுப் போய்ச் சீரழிந்த காலமும் இதில் இருக்கு. எங்க ஊர்க் கண்மாயில் இப்ப பாதி சீமைக்கருவேலம். மடை திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி வேலைக்கு ஆளே கிடையாது. எல்லாத்துக்கும் மழையையே குறை சொல்றவங்க இதைப் படிச்சா வேற காரணமும் கண்ணுல படும்.

அடுத்தது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023ஆம் ஆண்டு அகாதெமி விருது இதுக்குத்தான். கொங்குப் பக்கத்துக் குடிநாவிதர் குடும்பங்களின் கதை. அறுப்பு முடிஞ்சதும் களத்துலேயே அவங்களுக்கு நெல்லு அளக்கிற வழக்கம் எங்க பக்கமும் இருந்துச்சு. களத்துல நின்னு பார்க்கிற கண்ணுக்கு, அந்த நெல்லு போய்ச் சேருற வீட்டோட உள்பக்கம் தெரியாது. இந்த நாவல் அங்கே கூட்டிட்டுப் போகும். கிராமம்னாலே சொர்க்கம்னு பேசுறவங்க அவசியம் படிக்கணும்.

பத்து வயசை ஒட்டின பிள்ளைகளுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடியை வச்சு எழுதின நாவல். படிச்சு முடிச்சதும் அவங்களைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, மதுரைக்குப் பக்கம்தான். ஆதன்னு பேர் கீறின பானை ஓடே அந்த மண்ணுல கிடைச்சிருக்கு. அப்புறம் உழவுல தட்டுப்படுற ஓட்டைத் தூக்கி எறியாம, துடைச்சுப் பார்க்கத் தோணும்.

எழுத்துக்கூட்டுற வாண்டுகளுக்கு, சென்னைத் துலிகா பதிப்பகம் தமிழில் போடும் படக்கதைகள். காசு செலவில்லாம வேணும்னா பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். மடியில உட்கார வச்சு சத்தமா வாசிங்க. நடுவுல 'மடைன்னா என்ன?', 'கலுங்குன்னா என்ன?'ன்னு கேட்டா, கதையை நிறுத்திட்டுப் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா ஊருக்குப் போன் போட்டு அப்பத்தாவைக் கேளுங்க. அந்தச் சொல்லு தெரிஞ்ச பிள்ளைதான், நாளைக்கு யாராச்சும் கண்மாயைக் 'காலி இடம்'னு அளக்க வந்தா, இல்லைன்னு சொல்லும்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு வாங்கும்போது ரெண்டு பிரதியா வாங்கி, ஒண்ணை உங்க சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்க. கொடுக்கையில, பீரோவில் வச்சுப் பூட்டாம பிள்ளைங்க கையில கொடுக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.