கொழும்பிலிருந்து பதுளை வரை

இலங்கையின் மலையக ரயில் பாதை கொழும்பு கோட்டை நிலையத்தில் புறப்பட்டு, ஏறத்தாழ 290 கிலோமீட்டர் ஓடிப் பதுளையில் முடிகிறது. கடலோரத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் ஏறி, மலையின் மறுபக்கம் இறங்குவதால், தீவின் மரம், மழை, காற்று மூன்றும் மாறிக்கொண்டே வருவதைச் சன்னலோரம் உட்கார்ந்தபடி காணலாம். முழுப் பயணத்துக்கும் பத்து மணி நேரம் வரை ஆகும். சிறு பிள்ளைகளுடன் செல்லும் குடும்பங்கள் இடையில் ஓரிரு ஊர்களில் தங்கிச் செல்வது நல்லது.

றம்புக்கணை வரை சமவெளி. தென்னந்தோப்பு, வயல், இறப்பர் தோட்டம் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. அதன்பின் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. பாறையைக் குடைந்த சுரங்கங்களைத் தாண்டித் தாண்டி ரயில் மெல்ல ஏற, பள்ளத்தாக்கு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கொழும்பிலிருந்து வருவோர் வலப்பக்கம் இருந்தால், உச்சி தட்டையான பத்தலேகலக் குன்றை நன்றாகப் பார்க்கலாம். கடுகண்ணாவை நிலையத்தருகே 2014இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி இயந்திரங்கள் நிற்கின்றன.

பேராதனைச் சந்தியில் கண்டிக்கான பாதை பிரிகிறது. மகாவலி கங்கை வளைந்தோடும் இடத்தில் 1821இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்கா இங்கேதான் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கத் தகுந்தது. கம்பளையும் நாவலப்பிட்டியும் மகாவலிக் கரை ஊர்கள். நாவலப்பிட்டிக்கு மேல் தேயிலைதான்.

பாதை முதலில் போடப்பட்டது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரவே 1867இல் கண்டிவரை ரயில் வந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. பாதை 1885இல் நானுஓயாவை எட்டியபோது மலைகளில் தேயிலை வேரூன்றத் தொடங்கியிருந்தது. இன்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் இந்தப் பச்சை இயற்கையாக வளர்ந்ததல்ல. காட்டை வெட்டி, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்தது. சரிவுகளில் வரிசையாகத் தெரியும் லயன் வீடுகளில் அவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் இன்றும் வாழ்கின்றனர்.

சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் அட்டனில் இறங்குவர். டிசம்பர் முதல் மே வரை யாத்திரைக் காலம். அட்டனைக் கடந்ததும் பாதையின் மிக நீளமான சிங்கமலைச் சுரங்கம் வரும். தலவாக்கலைப் பக்கத்தில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி உள்ளது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் நீர்வீழ்ச்சியின் பழைய வீச்சு குறைந்துவிட்டது.

நானுஓயாவில் நுவரெலியா செல்வோர் இறங்கிவிட, பயணத்தின் மிகச் சிறந்த பகுதி தொடங்குகிறது. தேயிலை விலகி, பாசி படர்ந்த குட்டை மரங்களின் முகிற்காடு நெருங்கி வரும். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலை. அதையடுத்த உச்சிச் சுரங்கத்தின் இரு வாயில்களிலும் வானிலை ஒன்றுபோல் இருப்பதில்லை. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஈரத்தை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, உலர்ந்து மறுபுறம் இறங்குகிறது. ஆகவே பட்டிப்பொலையில் தூறலும் பனிமூட்டமும் இருக்க, சுரங்கத்துக்கு அப்பால் ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான இந்த வறண்ட காற்றுதான்.

ஒஹியவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குச் செல்லலாம். புல்வெளியில் மரைகள் மேய்வதையும், நிலம் திடீரென முடிந்து செங்குத்தாக இறங்கும் உலக முடிவையும் காலை வேளையில் பார்ப்பதே முறை. பொழுது ஏறினால் முகில் மூடிவிடும். இதல்கஸ்ஹின்னையிலும் அப்புத்தளையிலும் ரயில் மலைமுதுகின்மேல் ஓடுகிறது. வானம் தெளிந்த நாளில் தெற்குச் சமவெளி அப்படியே கீழே விரிந்து கிடக்கும்.

தியத்தலாவை, பண்டாரவளை கடந்து எல்லவில் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இறங்கிவிடுகிறார்கள். பாதை அங்கே முடிவதில்லை. 1921இல் உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கு அப்பால்தான் இருக்கிறது. அதன் அழகு ரயிலுக்குள் இருப்பவருக்குச் சரியாகத் தெரியாது. எல்லவிலிருந்து நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். தெமோதரையிலோ ரயிலில் இருந்தால்தான் சுவாரசியம். நிலையத்தைவிட்டுப் புறப்பட்ட ரயில் குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. செங்குத்தான இறக்கத்தைக் குறைக்கப் பொறியாளர்கள் கண்ட வழி இது.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். ஊருக்கு அருகே துன்ஹிந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது. கனமழைக் காலங்களில் மண்சரிவால் மலைப்பாதை மூடப்படுவதுண்டு. புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம். பாதை திறந்திருந்தால், பயணச்சீட்டை எல்லவோடு நிறுத்தாமல் பதுளைவரை எடுப்பதே சரி.