முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

போனில் அவசரமாகப் பேசியதில் பாதி விட்டுப்போயிற்று. டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்தக் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நடுக்கத்தை அடக்க மூளைக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி (டி.பி.எஸ்.) வைத்திருந்தும், மாமாவுக்கு வலது பக்கம் மட்டும் திடீரென்று நடுக்கம் திரும்பியிருக்கிறது, இடது கை நன்றாக இருக்கிறது என்றீர்கள். பார்க்கின்சன் முற்றுவது இப்படி ராத்திரியோடு ராத்திரியாக நடக்காது. பேட்டரி தீர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அவருக்கு நெஞ்சில் இருப்பது ஒரே பேட்டரிப் பெட்டிதான். ரிமோட்டில் இரண்டு பக்கமும் ஆன் என்று காட்டினால், மாத்திரையைக் கூட்டும் முன், உடம்பின் வலது பக்கத்தை ஆளும் இடது மூளைக்குப் போகும் வயரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பினால் காதுக்குப் பின்னால் சுரீரென்கிறது என்றாரே, என் சந்தேகம் அங்கேதான்.

டாக்டரின் கம்ப்யூட்டரில், மூளைக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்முனைக்கும் மின்தடை எத்தனை ஓம் என்று ரீடிங் வரும். வயர் அறுந்திருந்தால் எண் எகிறும். உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் விழும். ஆனால் நாற்காலியில் அசையாமல் உட்காரவைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு ‘எல்லாம் நார்மல்’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். உள்ளே விட்டுப்போன டேபிள் ஃபேன் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் ஓடுமே, அதே கதைதான். இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் நாங்கள் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, கையைத் தூக்கச் சொல்லி, காதுக்குப் பின்னால் இருக்கும் புடைப்பை அழுத்தி, ஒவ்வொரு நிலையிலும் ரீடிங் எடுப்போம். பழைய ரீடிங் ஃபைலில் இருக்கும், அதோடு ஒப்பிடட்டும். தலை, கழுத்து, நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும். அதில் வயர் முறுக்கேறித் தெரிந்தால் மாமாவைத்தான் கேட்க வேண்டும்! டிவி பார்க்கும்போதெல்லாம் சட்டைக்குள் கைவிட்டு அந்தப் பெட்டியைத் திருகிக்கொண்டிருப்பார்.

கழுத்தில் ஓடும் வயர்தான் பழுது என்றால் மண்டையைத் திறக்காமலே மாற்றலாம். ஒரு முனை மட்டும் போயிருந்தால் சில சமயம் பக்கத்து முனைக்கு மாற்றியே சமாளித்துவிடலாம்.

கழுத்து வலிக்கு பிசியோதெரபி என்று யாரோ சொன்னார்களாமே. டயதர்மி மெஷின் பக்கமே அவரை விடாதீர்கள். அந்த மெஷினின் அலை வயரில் ஏறி மூளைக்குள் இருக்கும் முனையைச் சூடாக்கிவிடும், அப்படிச் சிலருக்கு உயிரே போயிருக்கிறது. வயர் சரியென்று தெரியும்வரை எம்.ஆர்.ஐ.யும் வேண்டாம். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. உடம்பு விறைத்து, விழுங்கவே கஷ்டப்பட்டால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் உடனே கிளம்பிவிடுங்கள்.

ரீடிங் பேப்பரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
கவிதா