பச்சை டிக்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு 2023 ஜூன்ல தெரிஞ்சுது. நான் புனேயில, அக்கா திருச்சியில. ஆபரேஷன் முடிஞ்சதும் அக்கா அம்மாவைக் கும்பகோணத்துலேர்ந்து தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டா. ஸ்கூல் டீச்சர் வேலை, ரெண்டு பசங்க, இப்ப இதுவும்.

நான் என்ன பண்ணினேன்? நம்ம ஆளுங்க பண்றதைத்தான். நல்ல ஆப் எதுன்னு ராத்திரி முழுக்கத் தேடினேன் :-)

கிடைச்சுது. மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும். சாப்பிட்டாச்சுன்னு தொட்டா பச்சை டிக் விழும். சாயங்காலம் அஞ்சு மூஞ்சி காட்டி 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்கும். எல்லாம் உடனே என் போனுக்கும் வந்துடும். அம்மாவுக்குப் புது போன் வாங்கி, எழுத்தைப் பெருசாக்கி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வீடியோ கால்ல சொல்லிக் கொடுத்தேன். பெரிய காரியம் சாதிச்ச மாதிரி ஒரு திருப்தி.

21 நாளைக்கு ஒரு கீமோ. முதல்ல டாக்ஸோரூபிசின், அந்த செவப்பு மருந்து. மறுநாள் சிறுநீர் செவப்பா போகும், பயப்படாதீங்கன்னு நர்ஸ் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கீமோ ஏத்தின ஏழாம் நாள்லேர்ந்து பதினாலாம் நாள் வரைக்கும்தான் கவனமா இருக்கணும். ரத்தத்துல வெள்ளணுக்கள் ரொம்பக் குறைஞ்சுடும். அப்ப 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம்தான். காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, நாமளா பாராசிட்டமால் போடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை காய்ச்சலை மறைச்சுடும், உள்ள இருக்கிற கிருமியை ஒண்ணும் பண்ணாது.

இதையெல்லாம் ஆப்புல குறிப்பா எழுதி வெச்சிருந்தேன். இங்கிலீஷ்ல!

ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் பத்தாம் நாள். மத்தியானம் மீட்டிங் நடுவுல போனைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. சாயங்காலம் சிரிக்கிற மூஞ்சியும் வந்துடுச்சு. நிம்மதியா வேலையைப் பார்த்தேன். அஞ்சரைக்கு அக்கா போன். "அம்மாவுக்கு 101.6டா, ஆட்டோல போயிட்டு இருக்கோம்."

காலையிலேயே குளிர் எடுத்திருக்கு. அக்கா ஸ்கூலுக்குப் போயாச்சு. அம்மா வழக்கம்போல ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டுப் போர்த்திப் படுத்துட்டாங்க. மணி அடிச்சப்போ எழுந்து ஒழுங்கா டிக்கும் போட்டிருக்காங்க.

நியூட்ரோபில் எண்ணிக்கை 300. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல இருக்க வேண்டியது. போனதும் ஆன்டிபயாட்டிக் ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. மறுநாள் நான் சென்னை வழியா போய்ச் சேர்ந்தப்போ அக்கா வராண்டால உட்கார்ந்திருந்தா. ரெண்டு ராத்திரி தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"உன் ஆப்புல அம்மா நல்லாத்தானே இருந்தாங்க?"

பதில் சொல்ல வாய் வரலை.

ஆறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட மெதுவா கேட்டேன், ஏம்மா சிரிக்கிற மூஞ்சியை அமுக்கினீங்கன்னு. "அது உனக்குப் போவும்னு அக்கா சொன்னா தம்பி. அழுவுற மூஞ்சியை அனுப்பினா நீ அங்க வேலை பாப்பியா?"

போன்ல 'நல்லாருக்கேன்'னு சொல்ற அதே அம்மாதான் ஆப்புலயும் சொல்லியிருக்காங்க. அதை நம்பிட்டு இருந்தவன் நான்தான்.

அப்புறம் கொஞ்சம் படிச்சேன். ஈதன் பாஷ்ங்கிற அமெரிக்க டாக்டரோட ஆய்வு 2017ல வந்தது. பரவின புற்றுநோய்க்கு கீமோ எடுக்கிற 766 பேர். ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினர் அதோட கூட, வாந்தி, வலி, மூச்சு வாங்கறது மாதிரி 12 தொந்தரவுகளை கம்ப்யூட்டர்ல தாங்களே குறிச்சுட்டு வந்தாங்க. குறிச்சவங்களோட இடைநிலை ஆயுள் 31.2 மாசம், மத்தவங்களுக்கு 26. அஞ்சு மாசம் கூட! புது மருந்து எதுவும் இல்லை. ஆனா ஒரு விஷயத்தை கவனிங்க. யாராவது தொந்தரவு மோசமா இருக்குன்னு குறிச்சா, உடனே ஒரு நர்ஸுக்குத் தகவல் போகும். அவங்க ஏதாவது செய்வாங்க. எங்க ஏற்பாட்டுல அந்த நர்ஸ் இடத்துல இருந்தது யாரு? ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மீட்டிங்ல உட்கார்ந்திருந்த நான்!

அந்த ஆப்பைத் தூக்கிட்டோம். வாட்ஸப்புல நாங்க மூணு பேரும் பக்கத்து வீட்டு அத்தையும் மட்டும் ஒரு குரூப். எப்படி இருக்கீங்கன்னு யாரும் கேட்கிறதில்லை. எண்ணிக்கைதான். தெர்மாமீட்டர் போட்டோ காலையும் மாலையும். எத்தனை தடவை வாந்தி? எத்தனை இட்லி? டைப் பண்ண வேண்டாம், பேசி அனுப்பினா போதும். காலை எட்டு மணிக்குள்ள போட்டோ வரலைன்னா அத்தை கதவைத் தட்டுவாங்க. 100.4னு சுவத்துல பெருசா தமிழ்ல எழுதி ஒட்டியாச்சு, கீழே ஆஸ்பத்திரி நம்பர். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, கடைசி ரத்த ரிப்போர்ட் மூணும் எல்லார் போன்லயும். ராத்திரி கேஷுவாலிட்டியில டியூட்டி டாக்டர் கேட்கிறப்போ ஃபைலைத் தேடி வீட்டுக்கு ஓட வேண்டாம்.

என் பங்கையும் மாத்திக்கிட்டேன். கண்காணிக்கிறதை விட்டுட்டு, தூரத்துலேர்ந்து செய்ய முடிஞ்ச வேலையை எடுத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி, அப்பாயின்ட்மென்ட், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் என் தலையில. முள் சீத்தா இலை கேன்சரை குணமாக்கும்னு சொந்தக்காரங்க ஃபார்வர்ட் பண்றப்போ, டாக்டர்கிட்ட கேட்காம வேண்டாம்னு சொல்லிச் சண்டை போடறதும் நான்தான். ஒவ்வொரு கீமோவுக்கும் அப்புறம் ஏழாம் நாள்லேர்ந்து ஒரு வாரம் திருச்சியில உட்கார்ந்து வேலை பார்த்தேன். லேப்டாப் எங்க இருந்தா என்ன?

ராத்திரி அக்காவுக்குத் தனியா ஒரு கேள்வி. "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கின?" முதல் நாள் வந்த பதில்: "மூணு. இப்பதான் கேக்கத் தோணிச்சா?" நியாயமான கேள்வி.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா, ஆப் தாராளமா போடுங்க. அதுக்கு முன்னாடி, மணி அடிச்சா கதவைத் தட்டப் போறது யாருன்னு முடிவு பண்ணிடுங்க.

அம்மாவுக்கு கீமோ முடிஞ்சு நாளாச்சு. இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். எண்ணிக்கை அனுப்ப வேண்டாம்னு சொல்லியும் விடறதில்லை. நேத்து ராத்திரி வந்தது: "மூணு இட்லி. கொஞ்சம் முழங்கால் வலி. நீ சாப்டியா?"

முழங்கால் வலின்னு அவங்களாவே சொன்னது இதுதான் முதல் தடவை.