கியர்ப் பெட்டிக்கு நாடி பார்த்தல்

தலைப்பைக் கண்டதும் இலக்கிய அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் யந்திர விஷயந்தான். ஆனால் ஒரு மனிதருடைய பிழைப்பு அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு எங்கள் அண்ணாச்சியைத் தெரியும். திருநெல்வேலிச் சீமைக்காரர். கல்யாணமோ காதுகுத்தோ, பந்திச் சமையல் அவருடையது. இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது; கிளட்ச் மிதிக்க முடியாது. ஆகவே நெடுங்காலம் கூலி டிரைவர்களையே நம்பியிருந்தார். டிரைவர் வராத நாளில் காய்கறியும் வராது. 2023இல் பழைய டீசல் பிக்கப் ஒன்று அவர் கைக்கு வந்தது. கிளட்ச் மிதியே இல்லாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. அன்று முதல் விடிவதற்கு முன் சியால்டா கோலே மார்க்கெட்டுக்குப் போய் மூட்டைகளை ஏற்றி வருவது அவரே. வண்டி என்று நாம் சொல்வதை அவர் கால் என்றுதான் சொல்வார்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பெய்த மழையை இந்நகரத்தார் மறக்கமாட்டார்கள். துர்க்கா பூஜைக்குச் சில நாளே இருந்த சமயம். ஒரு நாளைக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வீதிகள் குளங்களாயின; அண்ணாச்சியின் வண்டியும் பாதிச் சக்கரம் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்தபின் ஒழுங்காகவே ஓடியது. தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். அரை மணி சென்று சூடேறியதும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில் ஓர் உதை விடும். பிறகு மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக நின்றுவிடும்.

பெரிய பட்டறை ஒன்றில் காட்டினார். அவர்கள் கருவியைச் செருகிப் பார்த்து, 'கியர் விகிதம் தவறு' என்று குறி வந்திருப்பதாகவும், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து கிளட்ச் தட்டுகள் கெட்டிருக்கும் என்றும், பெட்டியை இறக்கி மாற்ற மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும் என்றும் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. மதினியின் நகைகளை அடகு வைப்பது பற்றி வீட்டில் பேச்சு நடந்தது. "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவனாச்சே, கூட வா" என்று என்னை அழைத்தார். சர் சி. வி. ராமன் 1917 முதல் 1933 வரை பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்று சொன்னால், நம்மவர்கள் மோட்டார் ரிப்பேரும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

பெட்டிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் காற்று பட்டு அதுவும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே இருப்பது அத்தகைய ஏற்பாடுதான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905இல் கப்பல்களுக்காகக் கண்டது. அதற்கப்பால் நடுவே சூரியச் சக்கரமும் அதைச் சுற்றிக் கிரகச் சக்கரங்களுமாக ஒரு சிறு வானமண்டலம். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது, எதை விடுவது என்பதில்தான் கியர் மாறுகிறது. பிடிப்பவை கிளட்ச் தட்டுகள். அவற்றை அழுத்துவது எண்ணெய். எண்ணெய்க்கு வழி திறப்பவை மின்சார வால்வுகள். வால்வுகளுக்கு உத்தரவிடுவது ஒரு சிறு கணினி.

அந்தக் கணினிக்குக் கண் கிடையாது. வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை யாராவது வந்து சொல்ல வேண்டும். பழைய நாளில் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிடமே பாரத்தைத் தெரிவித்தது. டீசல் எஞ்சினிலோ காற்றை மறிக்கும் கதவு இல்லை; ஆகவே அந்த வெற்றிடமும் இல்லை. அதற்கென்று தனிப் பம்பு வைத்தார்கள். சிலவற்றில் கம்பி இழுத்தார்கள். இப்போது எல்லாம் மின் உணரிகள். எந்தக் காலத்திலும் இந்தப் பெட்டி செவிவழிச் செய்தியை நம்பியே வாழ்ந்திருக்கிறது. கோள் சொல்லிகள் நடுவே அகப்பட்ட ராஜாவைப் போல, தான் ஆரோக்கியமாக இருந்தும் தாறுமாறாக நடந்துகொள்ளக்கூடும்.

மல்லிக் பஜாரில் ஒரு மிஸ்திரி இருக்கிறார், தாதா என்போம். அறுபது வயதிருக்கும். கருவியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் அண்ணாச்சியைத்தான் விசாரித்தார். மேம்பாலத்தில் ஏறும்போது உதைக்கிறதா? எஞ்சின் வீணாக இரைகிறதா? அண்ணாச்சியின் பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சுமையோட மேம்பாலம் ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பள்ளத்துல இறங்கினாத்தான் குதிக்குது." தட்டுகள் தேய்ந்திருந்தால் சுமையும் ஏற்றமும் சேரும் இடத்தில்தான் வழுக்க வேண்டும். பள்ளத்துக்கும் தேய்மானத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று லட்சம் பெறும் என்று தோன்றியது.

பிறகு எண்ணெய் பார்த்தார். இந்த வண்டியில் அளவுகோல் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் நாற்பது டிகிரிச் சூட்டை எட்டும்போது அடியிலுள்ள திருகைக் கழற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி. சூட்டில் எண்ணெய் விரிவதால் இந்த நிர்ப்பந்தம். தண்ணீர் கலந்திருந்தால் ரோஜா நிறப் பால் போல வரும். தட்டுகள் தீய்ந்திருந்தால் கறுத்து நாறும். எங்களுக்கு வந்தது தெளிந்த சிவப்பு. தாதா அதை விரலில் தேய்த்து மோந்து, அண்ணாச்சியின் மூக்கிலும் நீட்டினார். அண்ணாச்சி அன்றுதான் முதல்முறை சிரித்தார்.

மூவருமாக வண்டியில் புறப்பட்டோம். கருவியின் திரையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் நுழையும் தண்டு நிமிஷத்துக்கு 1,650 சுற்று. வெளியேறும் தண்டு 1,100. வகுத்தால் ஒன்றரை, மூன்றாவது கியருக்கு அது சரியான விகிதம். தட்டுகள் வழுக்கினால் மேலே உள்ள எண் கொஞ்சங் கொஞ்சமாக எகிற வேண்டும், அப்படியே நின்றது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. கீழே உள்ள எண் 1,100இலிருந்து சட்டென்று பூஜ்யமாயிற்று. அடுத்த கணம் மீண்டும் 1,100!

"மித்தே போல்சே" என்றார் தாதா. பொய் சொல்கிறதாம்.

நான் மனக்கணக்குப் போட்டேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்பது விநாடிக்குப் பதினொரு மீட்டர். திரையில் எண்கள் அரை விநாடிக்கொரு தரம் மாறின. அரை விநாடியில் வண்டி நிற்பதானால் அதற்குப் புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேக இழப்பு வேண்டும். டயருக்குத் தரையில் உள்ள பிடிப்போ ஏறக்குறைய ஒரு மடங்குதான். அப்படி நின்றிருந்தால் நாங்கள் மூவரும் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்போம். பிரேக்குக்கென்று சக்கரங்களில் உள்ள தனி உணரிகளும் நாற்பது, நாற்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தன. விகிதம் என்பது இரண்டு எண்களின் வகுத்தல். கீழ் எண் பொய்யானால் விடை தவறாமல் என்ன செய்யும்? பட்டறையார் பார்த்த குறி உண்மையானதே. அது பெட்டியைப் பற்றிய குறி என்று கொண்டதுதான் தகராறு. நான் இவ்வளவும் கணக்கிட்டு முடித்து நிமிர்ந்தபோது தாதா வண்டியைத் திருப்பச் சொல்லியாயிற்று. அவருக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, வெளித் தண்டின் உணரிக்குச் செல்லும் கம்பியில் மீட்டரை வைத்தார். ஐந்நூற்றுச் சொச்சம் ஓம் காட்டியது. கம்பியை லேசாக அசைத்தார்; தொடர்பே அற்றுப்போயிற்று. செருகியைக் கழற்றினால் உள்ளே ஒரு முள் பச்சைப் பாசி பிடித்தாற்போல் களிம்பேறியிருந்தது. செப்டம்பர் மழைத் தண்ணீர் அங்கேதான் தங்கியிருந்திருக்கிறது. சூட்டில் விரிந்து அந்த அரைகுறைத் தொடுப்பும் தளர்ந்தது என்றால், காலையில் நல்ல பிள்ளையாக இருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு செருகி, ஒரு முழக் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய். செருகியில் மசகு தடவி, பழைய இடத்துக்கு ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டினார் தாதா. கணினியில் சேர்ந்திருந்த பழைய குறிகளை அழித்தார். பெட்டி தன் பழக்கங்களை மறுபடி கற்றுக்கொள்ளும்வரை இரண்டு மூன்று நாள் சற்று முரட்டுத்தனமாகத்தான் மாறும், பயப்பட வேண்டாம் என்று எச்சரித்தார். அப்படியே நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் விடியலில் கோலே மார்க்கெட்டிலிருந்து அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். பேச்சு எதுவுமில்லை. வண்டி ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று ஏறும் சத்தத்தை மட்டும் கேட்கவைத்துவிட்டு வைத்துவிட்டார்.